சீனிக் கிண்ணத்தில் ஏறிவரும் மருந்து

குளிசையை முழுதாக விழுங்க இயலாத முதியவர்களுக்கு, அதனை இரண்டு கரண்டிகளுக்கிடையில் வைத்து நசுக்கி, சிறிது சீனியோ தேனோ கலந்து ஊட்டுவது எமது வீடுகளில் நெடுநாளைய வழக்கம். ஊரில் எமது தாய்மார் அப்படித்தான் செய்தனர். பனியும் குளிரும் நிறைந்த இந்நாட்டிற்கு வந்து சேர்ந்த பின்னரும் அவ்வழக்கம் எம்முடனேயே வந்து சேர்ந்தது. அன்பினாற் செய்யப்படும் இக்காரியம் ஆபத்தாகவும் முடியலாம் என்பதைச் சென்ற மாரிகாலத்தில் நாம் நேரிற் கண்டோம்.

எமக்கு அறிமுகமான குடும்பமொன்றில் எழுபத்தெட்டு வயதான மாமி ஒருவர் இருக்கிறார். அவருடைய இரத்த அழுத்தத்திற்கு வைத்தியர் புதிய குளிசை ஒன்றை எழுதிக் கொடுத்தார். நாளொன்றுக்கு ஒன்று போதும் என்றார்கள். பெரிய குளிசையாக இருந்தமையால் மருமகள் அதை நசுக்கித் தேனிற் குழைத்துக் கொடுத்தார். ஒரு மணி நேரத்திற்குள் மாமி தலைசுற்றிக் குளியலறை வாசலில் விழுந்தார். மொழிபெயர்ப்பதற்காக நாமும் அவருடன் வைத்தியசாலைக்குப் போனோம். அங்கிருந்த இளம் வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி இதுதான்: "அவர் குளிசையை முழுதாக விழுங்கினாரா?" போத்தலில் எச்சரிக்கைத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் அதை வாசித்து விளக்க அவ்வீட்டில் அன்றைக்கு எவரும் இருக்கவில்லை. நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளியேற வேண்டிய மருந்து, நசுக்கப்பட்டதனால் ஒரே மூச்சில் குருதியிற் கலந்துவிட்டது.

மாமி இரண்டு நாட்களில் வீடு திரும்பினார். எமக்கோ கேள்வி மனதில் நின்றுவிட்டது. குளிசை ஒன்றிற்கு எப்போது, எங்கே, எவ்வளவு வேகத்தில் தன்னைத் திறப்பது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாம் கலைப் பட்டதாரி. இரசாயனவியலைப் பாடசாலைக் காலத்துடன் மறந்தவர். ஆகவே, முன்னொரு காலத்தில் எம்மிடம் தமிழும் வரலாறும் கற்று, இன்று இந்நகரில் மருந்தாளராகப் பணிபுரியும் மாணவர் ஒருவரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சேர், நீங்கள் பயணியை மட்டும் பார்க்கிறீர்கள். அவர் ஏறிவரும் வண்டியையும் பார்க்க வேண்டும்."

வண்டிகள் பல வகை. மாமியின் குளிசையிலிருந்தது நீரில் ஊறிப் பிசுபிசுக்கும் ஒருவகைப் பொருள். எமது மாணவர் அன்றிரவு எமக்கு விளக்கியதோ வேறொரு வண்டி. சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் மரவள்ளியிலும் உள்ள அதே மாப்பொருளிலிருந்து பிறந்து, நூறாண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளை இழுத்தடித்து, இன்று உலகின் பெரிய வைத்தியசாலைகளிலெல்லாம் குருதிக்குள் ஏற்றப்படும் சைக்ளோடெக்ஸ்ரின் என்ற சீனிக் கிண்ணம் அது. அதன் கதை எமக்குப் பிடித்துப்போனமையால் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

மாப்பொருள் என்பது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீண்ட மாலை. சிலவகைப் பற்றீரியாக்கள் தமது நொதியத்தால் இம்மாலையை வெட்டி, வெட்டிய துண்டின் இரு முனைகளையும் பொருத்தி வளையமாக்கி விடுகின்றன. ஆறு மணிகள் சேர்ந்தால் அல்பா, ஏழு சேர்ந்தால் பீற்றா, எட்டுச் சேர்ந்தால் காமா என்று பெயர். வளையம் என்றாலும் தட்டையான வளையமல்ல. ஒருபக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியது. எமது குசினியில் புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியின் கூர்நுனியை வெட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. பீற்றா வகையின் உட்குழி சுமார் 0.6 நனோமீற்றர் அகலமுடையது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கே நனோமீற்றர் எனில், இப்பெட்டியின் சிறுமையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இப்பெட்டியின் சிறப்பெல்லாம் அதன் இரட்டைக் குணத்தில் இருக்கிறது. வெளிப்புறம் நீரை விரும்பும். உட்புறம் நீரை விரும்பாது. மருந்துகளிற் பெருந்தொகையானவை எண்ணெய்க் குணமுடையவை. நீரிற் கரைய மறுப்பவை. கரையாத மருந்து குடலைத் தாண்டிக் குருதிக்குள் போவது கடினம். ஊசியில் ஏற்றவும் முடியாது. அத்தகைய மருந்து மூலக்கூறு ஒன்று இக்கிண்ணத்தைக் கண்டால், உள்ளே வேண்டாவிருந்தாளியாக இருக்கும் நீரைத் தள்ளிவிட்டுத் தான் அங்கே குடிபுகும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நீருடன் உறவாடும் சீனி மட்டுமே தெரியும். உள்ளே எண்ணெய்க்குணத்தான் ஒளிந்திருப்பான். முக்கியமான விடயம், இவ்விருவருக்கும் இடையில் இரசாயனப் பிணைப்பு எதுவுமில்லை. குடியிருப்பு மட்டுந்தான். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஒரு சமநிலை எப்போதும் நிலவும். உடலின் நீரில் ஐதாகும்போது மருந்து வெளியேறித் தன் வேலையைப் பார்க்கும். வெறுங்கிண்ணம் தன் வழியே போகும்.

1891ஆம் ஆண்டு அன்ருவான் வில்லியே என்ற பிரெஞ்சுக்காரர் மாப்பொருளில் பற்றீரியாவை வளர்த்தபோது, ஆயிரம் கிராம் மாப்பொருளிலிருந்து சுமார் மூன்று கிராம் பளிங்குப் பொருளொன்றைப் பெற்றார். அது செல்லுலோசைப் போலத் தோன்றியமையால் செல்லுலோசின் என்று பெயரிட்டு, அத்துடன் விட்டுவிட்டார். பின்னர் வியன்னாவில் உணவு பழுதடைவதை ஆராய்ந்துகொண்டிருந்த பிரான்ஸ் ஷார்டிங்கர், சமைத்த பின்பும் சாகாத பற்றீரியாக்களைத் தேடிச் சென்ற வழியில் அதே பளிங்குகளைக் கண்டு, 1903ஆம் ஆண்டு முதல் எழுதினார். அல்பாவையும் பீற்றாவையும் பிரித்தறிந்தவர் அவரே. அவை வளையங்கள் என்பதைக் கண்டறிந்தோர் 1930களில் ஜேர்மனியின் புரொய்டன்பேர்க்கும் அவரது குழுவினரும். 1953இல் அக்குழுவினர், இவ்வளையங்களுக்குள் மருந்தை அடைத்து வைக்கலாம் என்று காப்புரிமையும் பெற்றனர்.

ஆனால் மருந்து உடனே வரவில்லை. 1957இல் அமெரிக்க இரசாயனவியலாளர் டெக்ஸ்ரர் பிரெஞ்ச் எழுதிய மீளாய்வுக் கட்டுரையில், இப்பொருளை உண்ட எலிகள் இறந்தன என்ற, முறையாக வெளியிடப்படாத தகவலொன்று இடம்பெற்றது. அந்தச் சில வரிகளே பலரையும் நெடுங்காலம் ஒதுங்கி நிற்கச் செய்தன. அச்சிலேறிய ஐயத்திற்கு ஆயுள் அதிகம் என்பதைப் பத்திரிகை வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. விலையும் ஒரு தடை. 1970ஆம் ஆண்டளவில் ஒரு கிலோ பீற்றா வகையின் விலை ஆயிரம் டொலருக்கும் மேலாக இருந்தது. இன்று சில டொலருக்குக் கிடைக்கிறது. தூய்மையான பொருளைக் கொண்டு முறையாகச் சோதித்தபோது, வாய்வழி உண்பதால் அத்தகைய தீங்கில்லை என்பது தெரியவந்தது. ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரில் ஜோசெப் செய்ற்லி என்ற அறிஞர் வாழ்நாளை இதற்கே கொடுத்தார். 1981இல் இத்துறைக்கான முதலாவது அனைத்துலக மாநாட்டை அங்கே கூட்டியவரும் அவரே.

முதற் குளிசை யப்பானில் வந்தது. 1976இல் ஓனோ நிறுவனம் புரொஸ்ராகிளான்டின் என்ற, எளிதிற் சிதையும் மருந்தைப் பீற்றாக் கிண்ணத்தில் அடைத்து, நாக்கின் கீழ் வைக்கும் குளிசையாக வெளியிட்டது. நெஞ்சுவலிக்காரர் நாக்கின் கீழ் வைக்கும் நைற்றோகிளிசரின் எளிதில் ஆவியாகிப் போகும் தன்மையுடையது. அவசரத்துக்கு எடுக்கும்போது குளிசை இருக்கும், மருந்து இராது. அதையும் யப்பானியர் இக்கிண்ணத்துள் பூட்டி வைத்தனர். 1988இல் இத்தாலியின் கியேசி நிறுவனம், மூட்டுவலிக்கான பைரொக்சிகாம் என்ற மருந்தை இவ்வாறே கொண்டுவந்தது. விரைவாகக் கரைந்துவிடும் மருந்து வயிற்றின் சுவரில் நெடுநேரம் கிடந்து உறுத்தாது என்பது அதன் பின்னாலிருந்த எண்ணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவையெல்லாம் மருந்தை விரைவுபடுத்தும் அல்லது பாதுகாக்கும் வேலைகள். மாமியின் குளிசை செய்யவேண்டியிருந்த வேலை, அதாவது மெதுவாகத் திறப்பது, வெறும் கிண்ணத்தால் ஆகாது. குடியிருப்பு உறவு தளர்வானது; நீர் கூடியவுடன் பயணி இறங்கிவிடுவார். "சைக்ளோடெக்ஸ்ரின் சேர்ந்தது, ஆகவே நீண்டநேரம் வேலைசெய்யும்" என்று எங்காவது விளம்பரம் கண்டால் வாசகர்கள் நம்பவேண்டாம். நேரத்தை ஆள்வதற்குக் கிண்ணத்தையே திருத்தியமைக்க வேண்டியிருந்தது.

பீற்றாக் கிண்ணத்தின் விளிம்புகளில் இருபத்தொரு ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. இவற்றைக் கைப்பிடிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கைப்பிடியிலும் வேறொரு கூட்டத்தைப் பொருத்தலாம். எதைப் பொருத்துகிறோமோ அதற்கேற்பக் கிண்ணத்தின் குணம் மாறும். இவ்வாறு பெறப்படும் பெறுதிகளே இன்றைய மருந்தியலின் செல்வம்.

நீரை வெறுக்கும் எதைல் கூட்டங்களைப் பொருத்தினால் கிண்ணமே நீரிற் கரைய மறுக்கும். அதனுள் இருக்கும் மருந்து மெல்ல மெல்லவே கசியும். யப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தில் உவெகாமா, ஹிராயாமா ஆகியோர் இவ்வழியில் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். நீரில் மிக விரைவாகக் கரைந்துவிடும் டில்ற்றியாசெம் என்ற இருதய மருந்தை இத்தகைய கிண்ணத்தைக் கொண்டு தாமதப்படுத்திக் காட்டினர். அமிலத்தன்மையுள்ள கூட்டமொன்றையும் சேர்த்துப் பொருத்தியபோது, கிண்ணம் இரைப்பையின் புளிப்பில் மூடியிருந்து, குடலுக்குப் போனபின்பே திறந்தது. எம்மை மிகவும் கவர்ந்தது மூன்றாவது முறை. மருந்தைக் கிண்ணத்தினுள் வைக்காமல், கிண்ணத்தின் கைப்பிடியிலேயே இரசாயனப் பிணைப்பாற் கட்டிவிடுவது. இக்கிண்ணத்தை எமது இரைப்பையோ சிறுகுடலோ இலகுவிற் சமிபாடு செய்வதில்லை. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களோ அதை விருப்பத்துடன் உண்ணும். ஆகவே மருந்து பெருங்குடல் வரை கட்டுண்டு பயணம் செய்து, அங்கே கிண்ணம் உண்ணப்பட்ட பின்பே விடுதலையாகும். எலிகளுக்கு அழற்சி மருந்தொன்றை இவ்விதம் கொடுத்தபோது, சில மணி நேரம் கழித்தே அது குருதியில் தோன்றியது. பெருங்குடல் அழற்சியால் வருந்துவோருக்கு இது என்ன பொருள் தரக்கூடும் என்பதை அந்நோய் உள்ள வீட்டினர் அறிவர். பற்றீரியா செய்த கிண்ணத்தைப் பற்றீரியாவே உடைத்துத் தருவதிலுள்ள பொருத்தத்தை நாமும் இரசித்தோம். எனினும் இந்த மூன்றாம் முறை பெரிதும் ஆய்வுகூடத்திலேயே நின்றுவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

மருந்துக்கடையையும் வைத்தியசாலையையும் எட்டியவை வேறு பெறுதிகள். பீற்றாவில் ஒரு பெருங்குறை இருந்தது. நூறு மில்லிலீற்றர் நீரில் அது இரண்டு கிராம் அளவுகூடக் கரையாது. அதை ஊசிவழி ஏற்றினால் சிறுநீரகம் பழுதாகும் என்பது 1976இல் எலிகளில் தெளிவாயிற்று. ஐதரொட்சி புரொப்பைல் கூட்டங்களைப் பொருத்தியபோது இக்கரைதிறன் பன்மடங்கு உயர்ந்தது. 1997இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற இற்றாகொனசோல் பாணி மருந்து அதனாற் செய்யப்பட்டது. பூஞ்சணத் தொற்றுக்கான இம்மருந்தின் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் மருந்து 10 மில்லிகிராம். கிண்ணமோ 400 மில்லிகிராம். வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இது: இற்றாகொனசோல் கூட்டுக்குளிசையை உணவுடன் எடுக்கவேண்டும், பாணியை வெறுவயிற்றில் எடுக்கவேண்டும். பெயர் ஒன்று, மருந்து ஒன்று. வண்டி வேறு என்பதால் விதி தலைகீழ். ஒன்றிற்குப் பதிலாக மற்றொன்றைத் தாமாக மாற்றிக்கொள்வோர் எம்மிடையே உண்டு. இனிச் செய்யவேண்டாம்.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வலன்ரினோ ஸ்ரெல்லா, ரொஜர் ராஜெவ்ஸ்கி ஆகியோர் உருவாக்கிய சல்போபியூற்றைல் பெறுதி ஊசிமருந்துகளுக்கென்றே பிறந்தது. 2020இல் உலகமே கொரோனாவால் முடங்கிக் கிடந்தபோது நாள்தோறும் செய்தியில் அடிபட்ட ரெம்டெசிவிர் நினைவிருக்கும். அம்மருந்துத் தூளின் 100 மில்லிகிராம் குப்பி ஒன்றினுள் இக்கிண்ணம் 3 கிராம் இருந்தது. மருந்தின் முப்பது மடங்கு வண்டி! கிண்ணம் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தோருக்கு அம்மருந்து முதலில் விலக்கப்பட்டிருந்தது. 2023இல்தான் அமெரிக்காவில் அத்தடை நீங்கியது. பொதியின் மேல் 'செயலற்ற உட்பொருட்கள்' என்று சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்களே, அந்தச் சொல் எமக்கு இப்போது அவ்வளவு நம்பிக்கை தருவதில்லை.

அச்சொல்லை முற்றாகவே பொய்யாக்கிய இரு சம்பவங்களும் உண்டு. ஸ்கொட்லாந்தில் ஓர்கனொன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் அன்ரன் பொம் என்பவரின் குழு, சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தும் ரொகுரோனியம் என்ற மருந்தை, திருத்தியமைக்கப்பட்ட காமாக் கிண்ணம் இறுகப் பிடித்துக்கொள்வதைக் கண்டது. மருந்தை இறக்கிவிட வேண்டிய வண்டி, இங்கே மருந்தைச் சிறைபிடிக்கும் கூண்டாயிற்று. சுகமடெக்ஸ் என்ற பெயரில் 2008இல் ஐரோப்பாவிலும் 2015இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சத்திரசிகிச்சை முடிந்ததும் இதனை ஏற்ற, அசையாதிருந்த தசைகள் சில நிமிடங்களில் உயிர்பெறும். கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. இக்கூண்டு அந்த ஓர்மோனையும் பிடித்துவிடக் கூடுமாகையால் பின்வரும் ஏழு நாட்களுக்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

மற்றது கண்ணீர் கலந்த கதை. நீமன்-பிக் சி என்பது குழந்தைகளின் மூளைக் கலங்களில் கொலஸ்திரோல் தேங்கி அறிவையும் நடையையும் பறிக்கும் அரிய நோய். வேறொரு மருந்தை எலிகளுக்கு ஏற்றுவதற்கு ஐதரொட்சி புரொப்பைல் கிண்ணத்தைப் பயன்படுத்திய ஆய்வாளர்கள், எலிகள் நெடுநாள் வாழக் கண்டு மகிழ்ந்தனர். பின்னர் மருந்தில்லாத வெறுங்கிண்ணத்தை ஏற்றிப் பார்த்தபோதும் அதே பயன்! தேங்கிய கொலஸ்திரோலை வெளியேற வைத்தது வண்டிதான் என்பது 2009இல் வெளியாயிற்று. உலகெங்கும் பெற்றோர் நம்பிக்கை கொண்டனர். ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது செவிப்புலன் குறைந்தது. 2018இல் முடிவு வெளியான பெரிய பரிசோதனை எதிர்பார்த்த பயனைக் காட்டவில்லை. கலிபோர்னியாவில் பேராசிரியர் மார்க் டேவிஸ், மார்புப் புற்றுநோயின் சிகிச்சையால் தமது மனைவி பட்ட துன்பத்தைக் கண்டு, கிண்ணங்களைச் சங்கிலியாகக் கோத்துப் புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் நுண்துகள்களைச் செய்தார். அவற்றிலொன்றும் 2016இல் சிறுநீரகப் புற்றுநோயாளரிடையே நடந்த பரிசோதனையில் தோல்வி கண்டது. வெற்றிகளை மட்டும் எழுதினால் அது விளம்பரமாகிவிடும் என்பதால் இவற்றையும் எழுதுகிறோம்.

மருந்து தவிர்ந்த பயனொன்றையும் எமது மாணவர் சொன்னார். மாடிக் குடியிருப்புகளில் மீன் பொரித்த வாசம் திரைச்சீலையிற் குடியேறி, அயலவர் முகம் சுளிப்பது எம்மவர் யாவரும் அறிந்த சங்கடம். 1998இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பெப்ரீஸ் என்ற தெளிப்பான், அவ்வாச மூலக்கூறுகளை இதே கிண்ணத்திற்குள் இழுத்து அடைத்துவிடுவதாம்.

இனி வீட்டுக் காரியம். போத்தலில் மருந்தின் பெயரையடுத்து எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். போன்ற எழுத்துக்கள் இருந்தால் அது மெதுவாகத் திறக்கும் குளிசை. அதனை நசுக்கவோ மெல்லவோ கூடாது. நடுவிற் கோடிட்ட சிலவற்றைப் பாதியாக முறிக்கலாம். ஆனால் மருந்தாளரைக் கேட்ட பின்பே. விழுங்கச் சிரமமானால் அதைச் சொல்லுங்கள். பாணியாகவோ சிறிய குளிசையாகவோ வேறு வடிவம் இருக்கக்கூடும். மொழி தெரியாது என்று வெட்கப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டு வருவதே எம்மவரின் பெரிய நோய். எழுதிக் காட்டியாவது கேட்கலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். யாரும் இல்லையெனில் எம்மைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம்.

இவ்வளவையும் கேட்டறிந்த பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியைப் பார்க்கப் போனோம். காகிதத்தில் கிண்ணம் கீறி விளக்கினோம். நீத்துப்பெட்டி என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இது சீனியாலே செய்த கிண்ணம் என்றால், சலரோகக்காரி நான் எப்படித் தம்பி இதைச் சாப்பிடுறது?"

வகுப்பறையில் முப்பது பிள்ளைகளிடமிருந்தும் வராத கேள்வி. எம்மிடம் விடையில்லை. அங்கிருந்தே மாணவருக்குத் தொலைபேசி எடுத்தோம். அல்பாவும் பீற்றாவும் வளையமாக இருப்பதால் எமது சமிபாட்டு நொதியங்களுக்கு அவற்றை உடைக்க நுனி அகப்படாதாம். காமா மட்டும் உடைந்து குளுக்கோசாகும். எதுவாயினும் ஒரு குளிசையில் உள்ள அளவு ஒரு வாய்ச் சோற்றுக்கும் ஈடாகாதாம். விடையை அப்படியே மாமிக்குச் சொன்னோம். அவர் தலையசைத்தார். வைத்தியர் மாற்றித் தந்திருந்த சிறிய குளிசையை எடுத்து, இளஞ்சுடுநீருடன் முழுதாக விழுங்கிவிட்டு, எமக்குத் தேநீர் போடும்படி மருமகளிடம் சொன்னார்.